நாலு பேர் வேண்டாம்... ரெண்டு பேர் போதும்!

"உயிரோட இருக்கும்போதே நாலு பேரா சேர்ந்து என்னைத் தூக்கறீங்களேடா... அதுக்கு இன்னும் நாள் இருக்கு!"

சொன்னது என் பெரியம்மா. வயது 78. எடை 74 கிலோ. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து இரண்டு வருஷமாகிறது. நாக்கு மட்டும் விழவில்லை!

வாசம், சிறுசேரி பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில். ஜன்னலைத் திறந்தால் சிப்காட் ஐ.டி. பூங்காவின் கண்ணாடிக் கட்டடங்கள். உலகத்துக் கம்பெனிகளின் பாரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் சுமக்கிற ஊர். அங்கே ஒரு பாட்டியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற நாலு ஆள்!

இல்லத்தில் சேர்க்கும் முன், வீட்டில் அந்த வேலையை நானும் அண்ணனும் பார்த்தோம். 'ஒன்... டூ... த்ரீ...' என்று கக்கத்தில் கை கொடுத்து ஒரே தூக்கு. பெரியம்மாவுக்குத் தோள்பட்டை பிசகியது. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் நானும் பேஷண்ட்!

தப்பு எங்கே? அரிசி மூட்டையை உடம்போடு அணைத்துத் தூக்கலாம். அது நெளியாது, பயந்து நம் சட்டையைப் பிடிக்காது. மனுஷ உடம்பு அப்படியா? குனிந்து, கையை நீட்டித் தூக்கும்போது பாரமெல்லாம் முதுகெலும்பில்தான் இறங்கும். நோயாளியைத் தூக்கும்போது, தோதான நிலையிலேயே ஒருவர் சுமக்கிற பாரம் 35 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று 2007-ல் கணக்குப் போட்டுச் சொன்னார் அமெரிக்க ஆராய்ச்சியாளர் தாமஸ் வாட்டர்ஸ். அதாவது சுமார் 16 கிலோ. பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? 74-ஐ 16-ஆல் வகுத்தேன். நாலரைக்கும் மேலே வருகிறது. நாலு பேர்கூடப் போதாது!

இந்த நிலைமையில்தான் இல்லத்துக்கு 'பேஷண்ட் லிஃப்ட்' வந்து சேர்ந்தது. மாடிக்குப் போகிற லிஃப்ட் இல்லை. சக்கரம் வைத்த இரண்டு இரும்புக் கால், ஒரு தூண், மேலே நீட்டிய கை, அதில் கொக்கிகள். கொக்கியில் மாட்ட 'ஸ்லிங்' என்கிற கெட்டித் துணி. பேட்டரியில் ஓடும். வெளிநாட்டில் 'ஹோயர் லிஃப்ட்' என்றும் சொல்வார்கள். கார் விபத்தில் கை கால் விளங்காமல் போன டெட் ஹோயர் என்ற அமெரிக்கரின் பெயர் அது. மற்றவர் தூக்க வேண்டியிருந்தவரே யோசித்த சாதனம்!

இல்லத்துப் பாட்டிகள் வைத்த பெயர், 'கிரேன்'.

"கிட்ட கொண்டாராதே! பாடையில கட்டற மாதிரி கட்டப் பார்க்கறா!" என்று பெரியம்மா ஒரே கூச்சல். சிஸ்டர் என்னைப் பார்த்தார். "சார், முதல்ல நீங்க ஏறிக் காட்டுங்க."

ஏறினேன். வேறு வழி?

என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஸ்லிங்கைப் பாதி சுருட்டி முதுகுக்கு அடியில் செருகி, மறுபக்கம் புரட்டி இழுத்துவிட்டார்கள். தூக்கவே இல்லை! அதற்கு முன்பே அக்கா (இல்லத்தின் உதவியாளர்) துணியின் தையலையும் வளையங்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "நூல் பிரிஞ்சிருந்தா அதைத் தூக்கிப் போட்டுடணும் சார். அளவும் ஆளுக்கு ஆள் வேற. பெரிசா இருந்தா வழுக்கி விட்டுடும்."

கால் பட்டைகளைத் தொடைக்கு அடியில் கொண்டுவந்து, குறுக்கே மாற்றிக் கொக்கியில் மாட்டினார்கள். இந்தப் பக்கம் எந்த நிற வளையமோ, அந்தப் பக்கமும் அதே நிறம். லிஃப்டின் கால்களை அகலமாக விரித்தார்கள். சாயாமல் நிற்க அதுதான் ஆதாரம்.

"லிஃப்ட் சக்கரத்துக்கு பிரேக் போடலையே!" என்று அலறினேன்.

"தூக்கறப்போ வேணாம் சார். பாரத்துக்கு ஏத்தாப்ல அதுவே நகர்ந்து நடுவுல வந்து நிக்கும். கம்பெனி புஸ்தகத்துலயே போட்டிருக்கு. கட்டிலுக்கும் நாற்காலிக்கும்தான் பிரேக் கட்டாயம்."

நாலு விரல் உயரத்தில் நிறுத்தி, எல்லா வளையமும் கொக்கியில் இருக்கிறதா என்று மறுபடி ஒரு பார்வை. சிஸ்டர் கையில் ரிமோட். அக்கா கை, கொக்கிக் கம்பி என் தலையில் இடிக்காமல் காவல். இரண்டே பேர். மூச்சு வாங்கவில்லை.

இறங்கியதும் அக்கா சொன்னார்: "பன்னெண்டு வருஷமா இந்த வேலை சார். ராத்திரி புரண்டு படுத்தா இடுப்பு உசுரு போவும். எங்களையும் யாராச்சும் தூக்கணும்ங்கற நிலைமைக்கு வந்துட்டோம்."

சுருக்கென்றது. லிஃப்ட் வாங்கினால் கணக்குப் புத்தகத்தில் சொத்து என்று எழுதுவோம், வருஷா வருஷம் தேய்மானம் கழிப்போம். இந்த அக்காவின் முதுகெலும்புத் தேய்மானத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? பிரிட்டனில் ஆள் தூக்கும் சாதனத்தைப் பொதுவாக ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்று 1998-லேயே விதி போட்டார்கள். பெற்றோருக்கு இல்லம் தேடுகிறவர்கள் ஏ.ஸி. இருக்கிறதா, சாப்பாடு எப்படி என்று விசாரிக்கிறோம். 'எப்படித் தூக்குவீர்கள், எத்தனை பேர், பழகியவர்களா?' என்றும் கேட்க வேண்டாமா?

அடுத்து பெரியம்மா முறை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். மெல்ல எழும்பினார். ஒரு கண்ணைத் திறந்தார்.

"டேய்... இது பாடை இல்லடா, தூளி! முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடி உன்னைப் போட்டு ஆட்டினேன். இப்ப நீ ஆட்டு, பார்ப்போம்!"

"ஐயோ, ஆட்டக் கூடாது பாட்டி!" என்று சிஸ்டர் பதறினார்.

பெரியம்மாவை ஆடாமல், அசையாமல், ஜன்னலோரச் சக்கர நாற்காலியில் இறக்கினோம். "நாளைக்கும் இதுலயே தூக்குங்கடி" என்றார்.