உங்களுக்குத் தெரியுமா? – வீட்டோடு சேர்ந்து சேர்க்கும் தபால்தலைகள்

● உலகின் முதல் தபால்தலையான ‘பென்னி பிளாக்’ 1840 மே மாதம் பிரிட்டனில் வெளியானது. அதில் நாட்டின் பெயர் இல்லை. இன்றுவரை பிரிட்டன் தன் தபால்தலைகளில் நாட்டுப் பெயரை அச்சிடுவதில்லை; அரசரின் முகமே அடையாளம்.

● 1873இல் பிரிட்டிஷ் கயானாவில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், வீட்டுப் பெரியவரின் பழைய கடிதங்களுக்குள் ஒரு சென்ட் தபால்தலை ஒன்றைக் கண்டெடுத்தான். சில ஷில்லிங்குகளுக்கு விற்றும்விட்டான். 2014இல் நியூயார்க் ஏலத்தில் அதே தபால்தலை சுமார் 95 லட்சம் டாலருக்குப் போனது!

● அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் சேகரிப்பு அவர் தொடங்கியதல்ல. அம்மா சிறுமியாக இருந்தபோது சேர்த்தது தாய்மாமன் கைக்குப் போய், அவரிடமிருந்து மருமகனுக்கு வந்தது.

● பிரிட்டிஷ் அரச குடும்பச் சேகரிப்பில் நிறமே தலைமுறையைச் சொல்லும். ஐந்தாம் ஜார்ஜ் சேர்த்தவை சிவப்பு ஆல்பங்களில், மகன் ஆறாம் ஜார்ஜின் காலத்தவை நீலத்தில், பேத்தி எலிசபெத்தின் காலத்தவை பச்சையில்.

● சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை 1947 நவம்பர் 21இல் வெளியானது. மூன்றரை அணா, மூவர்ணக் கொடி, கூடவே ‘ஜெய்ஹிந்த்’.

● திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது ஒரே ஆண்டில்: 1960.

● தேய்த்தால் மணக்கும் தபால்தலையும் நம்மிடம் உண்டு. 2006இல் சந்தனம், 2007இல் ரோஜா, 2008இல் மல்லிகை, 2017இல் காபி!

● 2011இல் அறிமுகமான ‘மை ஸ்டாம்ப்’ திட்டத்தில் தாத்தா பாட்டி படத்தையும் தபால்தலையோடு அச்சிட்டு வாங்கலாம்.

● உறையில் ஒட்டிய தபால்தலையைப் பிய்க்கக் கூடாது. சுற்றிலும் இடம் விட்டு உறையை வெட்டி, சாதாரணத் தண்ணீரில் மிதக்க விடுங்கள். பசை கரைந்ததும் தானே நழுவும். நிற உறைகளைத் தனிக் கிண்ணத்தில் போடுங்கள். சாயம் மற்றவற்றில் ஏறிவிடும். காய்ந்தபின் இடுக்கியால் எடுங்கள். விரல் வியர்வை கறையாகும்.

● ஆனால், தாத்தா பாட்டிக்கு எழுதிய கடிதமென்றால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில் போட்டது என்பதை அஞ்சல் முத்திரைதான் சொல்லும். முழு உறையாகவே ஆல்பத்தில் வையுங்கள். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போது பேரப்பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும்.