பேரிடர் முன்தயார்நிலையும் சமூக, பொருளாதாரப் பின்னடைவும்

பேரிடர் முன்தயார்நிலை என்பது வெள்ளம், புயல், நிலச்சரிவு போன்றவை நேரும் முன்பே உயிரையும் உடைமையையும் காக்கச் செய்யப்படும் ஏற்பாடுகளைக் குறிக்கும். மழை ஊருக்கே பொதுவாகப் பெய்தாலும் இழப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. வருமானம், குடியிருக்கும் இடம், சாதி, அலுவலகங்களில் ஒருவரின் சொல்லுக்குக் கிடைக்கும் மதிப்பு ஆகியவை அந்த வேறுபாட்டை உண்டாக்குகின்றன.

நடூர் சுவர் விபத்து

கோயம்புத்தூர் மாவட்டம் மேட்டுப்பாளையத்தில் உள்ள நடூரில், 2019 டிசம்பர் 2 அன்று அதிகாலை, தொடர்மழையால் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் ஒன்று இடிந்து, அதை ஒட்டியிருந்த ஓட்டு வீடுகள் மீது விழுந்தது. உறக்கத்தில் இருந்த 17 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்கள் பட்டியல் சாதியினர். சுவரின் ஆபத்தைப் பற்றி முன்பே முறையிட்டிருந்ததாக அப்பகுதி மக்கள் கூறினர். தலித் அமைப்புகள் அதனைத் 'தீண்டாமைச் சுவர்' என்றன. சுவரின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது.

காரணங்கள்

இடம்: குறைந்த வருமானத்தில் கிடைக்கும் மனை பெரும்பாலும் பள்ளத்திலோ ஓடைக்கரையிலோ அமைகிறது. பட்டா இல்லாதவர் வீட்டை உறுதியாகக் கட்டத் தயங்குவர்.

வருமானம்: நாள்கூலிக்குச் செல்பவர் முகாமுக்குப் போனால் அன்றைய கூலியை இழப்பார். வேறிடத்தில் வாடகைக்குக் குடியேற முன்பணம் வேண்டும்.

குரல்: ஆபத்து அடுத்தவரின் சுவராக இருக்கும்போது, அதை இடிக்கும் உரிமை அதன் நிழலில் வாழ்பவருக்கு இல்லை. மனு கொடுப்பது ஒன்றே வழி. அந்த மனு கவனிக்கப்படாவிட்டால் அவர்கள் எடுக்கக்கூடிய முன்னெச்சரிக்கை வேறில்லை.

சட்டமும் நடைமுறையும்

பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005இன் 61ஆம் பிரிவு, இழப்பீடும் நிவாரணமும் வழங்குவதில் பால், சாதி, சமூகம், மரபு, மதம் பார்க்கக் கூடாது என்கிறது. இது பேரிடருக்குப் பிந்தைய பாதுகாப்பு. பேரிடருக்கு ஆளாகக்கூடிய பகுதிகளை முன்பே கண்டறிந்து தடுப்பு நடவடிக்கை எடுக்கப்படுவதை உறுதிசெய்யும் பொறுப்பை 30ஆம் பிரிவு மாவட்ட ஆணையத்திடம் ஒப்படைக்கிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பலவீனமான சுவர்களைக் கணக்கெடுப்பதும், குடியிருப்போரின் மனுவை எச்சரிக்கையாக ஏற்று நேரில் ஆய்வு செய்வதும் இப்பொறுப்பில் அடங்கும். ஆபத்து எங்கே இருக்கிறது என்பது நடூர் மக்களுக்குத் தெரிந்திருந்தது. அதை அகற்றும் அதிகாரம்தான் அவர்களிடம் இல்லை.