குடும்பப் படத்துக்கு எந்த லென்ஸ்? முதலில் கூடத்தை அளந்து பாருங்கள்!

ஊரிலிருந்து கப்பலேறி அம்மா வந்திருந்தார். சென்னைக்கும் நாம் போர்ட் பிளேர் என்று சொல்லிப் பழகிய, 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட நம் ஊருக்கும் இடையே ஏறக்குறைய 1,200 கிலோ மீட்டர் கடல். மூன்று நாள் தலைசுற்றலோடு வந்து இறங்கியவர், "இனி ஒரு தடவை என்னால் முடியாதப்பா" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். அப்போதே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். திரும்புவதற்கு முந்தைய நாள் மாலைதான், எல்லோரும் சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லையே என்ற நினைவு வந்தது.

காமிரா இருந்தது. "முகம் பளிச்சென்று விழும், பின்னால் இருப்பதெல்லாம் பஞ்சுபோல் கரையும்" என்று நண்பர்கள் சொன்னதை நம்பி வாங்கிய புது 50 மி.மீ. லென்ஸும் இருந்தது. அம்மாவை நடுவில் உட்காரவைத்து, தங்கை குடும்பத்தையும் என் குடும்பத்தையும் இருபுறமும் நிறுத்தினேன். காமிராவுக்குள் மூன்று பேர்தான் தெரிந்தார்கள். பின்னால் நகர்ந்தேன், முதுகில் சுவர் இடித்தது. கதவைத் திறந்து வெளியே நின்றேன். கதவு நிலைதான் படத்தில் விழுந்தது. கடைசியில் காமிராவோடு வந்த பழைய லென்ஸையே மாட்டினேன். அதற்குள் இருட்டிவிட்டது. அம்மா தலையைத் திருப்பிய நேரத்தில் படம் விழுந்து, முகம் கலங்கிப்போயிற்று.

அம்மா அதன் பிறகு வரவில்லை. இன்று அவர் இல்லை. அந்தக் கலங்கிய படம்தான் ஊர் வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

இந்தத் தவறை வாசகர்கள் செய்ய வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளின் மக்கள்தொகையில் சுமார் 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். பாதிக் குடும்பம் இங்கே, பாதிக் குடும்பம் ஊரிலே என்று வாழ்கிறவர்கள் நாம். எல்லோரும் ஒன்றாக நிற்பது எப்போதோ ஒரு முறை. அந்த ஒரு படம் சரியாக விழ வேண்டாமா?

பழைய சங்கதிதான்

ஒரே குவிய நீளம் உள்ள லென்ஸை இப்போது 'பிரைம் லென்ஸ்' என்கிறார்கள். இது புதுமை அல்ல. நம் அப்பா காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த ஆக்ஃபா க்ளிக் 3 காமிராவில் இருந்ததும் இத்தகைய நிலையான லென்ஸ்தான். ஒரு சுருளில் 12 படம். கிட்டே காட்டவும் எட்டக் காட்டவும் அதில் வழி கிடையாது. நாம்தான் நடந்து கிட்டேயோ எட்டவோ போக வேண்டும்.

இத்தீவுகளின் புகழ்பெற்ற பழைய உருவப்படங்களும் அப்படி எடுக்கப்பட்டவையே. 1879இல் இங்கு வந்து, அந்தமான் பழங்குடியினருக்குப் பொறுப்பாக இருந்த எம்.வி. போர்ட்மன் என்ற ஆங்கில அதிகாரி, 1890களில் லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்தார். கட்டம் போட்ட திரைக்கு முன்னால் மனிதர்களை நிறுத்தி எடுத்தவையும் அவற்றில் உண்டு. உடலின் அளவு தெரிய வேண்டும் என்பதே அவர் நோக்கம்; நிற்பவரின் மனம் தெரிய வேண்டும் என்பதல்ல. நமக்கு வேண்டியது வேறு. ஆனால் ஒரு பாடம் பொது: படம் எடுப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்பதை வைத்தே படம் அமைகிறது.

ஏன் இந்தச் செலவு?

காமிராவோடு தரும் 18-55 லென்ஸ் மோசமானது அல்ல. பகல் வெளிச்சத்தில் அது போதும். அதன் குறை இருட்டில்தான் தெரியும். லென்ஸின் 'எஃப்' எண் குறையக் குறைய அதன் வாய் அகலமாகத் திறக்கும். 18-55 லென்ஸை 55இல் வைத்தால் எஃப் 5.6க்கு மேல் திறக்காது. எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல் ஒன்பது மடங்குக்கு மேல் ஒளியை உள்ளே விடும்.

இது அந்தமான்காரர்களுக்கு மிகவும் முக்கியம். இந்திய நேரம் கிழக்குத் தீர்க்கரேகை 82½ பாகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. நாம் இருப்பதோ 92½ பாகையை ஒட்டி. ஆகவே நமக்குச் சூரியன் 40 நிமிடம் முந்திக்கொள்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணியளவிலும், ஜூனில் ஆறு மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்துவிடும். அலுவலகம் விட்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது விளக்குப் போட்டாக வேண்டும்.

சாதாரண விளக்கு வெளிச்சமுள்ள ஒரு கூடத்தில், காமிராவின் ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600இல் வைத்து, எஃப் 5 அளவில் எடுத்தால் ஒரு விநாடியில் சுமார் இருபதில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். அதற்குள் குழந்தை தலையாட்டிவிடும். அதே இடத்தில் எஃப் 2 என்றால் நூற்றிருபதில் ஒரு பங்கு நேரமே போதும். முகம் கலங்காது. பிளாஷ் அடித்து முகத்தைச் சுண்ணாம்பாக்க வேண்டியதும் இல்லை.

சுவர் எங்கே இருக்கிறது?

சரி, 50 வாங்குவதா, 35 வாங்குவதா? கடைக்காரரைக் கேட்பதற்கு முன் அளவு நாடாவை எடுங்கள்.

குறைந்த விலைக் காமிராக்களில் படம் பதியும் தகடு, பழைய ஃபிலிமைவிடச் சிறியது. அகலம் ஏறக்குறைய 23 மி.மீ. அதனால்தான் ஃபிலிம் காலத்தில் சகலத்துக்கும் பொருந்திய 50 மி.மீ. லென்ஸ், இந்தக் காமிராக்களில் நெருக்கிப் பிடித்துக் காட்டுகிறது. கணக்கு சுலபம். படத்தில் அடங்க வேண்டிய அகலத்தை அடியில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை லென்ஸ் எண்ணால் பெருக்கி 23ஆல் வகுத்தால், நீங்கள் நிற்க வேண்டிய தூரம் அடியில் கிடைக்கும்.

ஆறு பேர் தலைமுதல் கால்வரை தெரிய நிற்க, இருபுறமும் கொஞ்சம் இடம் விட்டு, 9 அடி அகலம் வேண்டும். இதற்கு 50 மி.மீ. லென்ஸ் என்றால் ஏறக்குறைய 20 அடி தள்ளி நிற்க வேண்டும். 35 என்றால் 14 அடி. 24 என்றால் ஒன்பதரை அடி.

ஹேடோவிலும் ஜங்லிகாட்டிலும் நம்மவர் குடியிருக்கும் வீடுகளில் 12 அடி நீளக் கூடம் இருந்தாலே பெரிது. அதிலும் நாம் நிற்க ஒன்றரை அடி, குடும்பம் நிற்க ஓரடி போனால் மிஞ்சுவது ஒன்பதரை அடிதான். என் அம்மா படம் ஏன் அடங்கவில்லை என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கிற்று. குற்றம் லென்ஸின்மேல் இல்லை. 20 அடி கேட்கும் லென்ஸை நான் 12 அடிக் கூடத்தில் மாட்டினேன்.

நான்கு பேர் நெருக்கமாக உட்கார்ந்து, இடுப்புக்கு மேல் தெரிந்தால் போதும் என்றால் 6 அடி அகலமே வேண்டும். அப்போது 35 மி.மீ. லென்ஸுக்கு 9 அடி போதும்; கூடத்துக்குள்ளேயே அடங்கும். 50க்கு அப்போதும் 13 அடி வேண்டும்.

அப்படியானால் 50 வீணா? இல்லை. தனியாக ஒருவர் முகத்தை எடுக்க அதுவே சிறந்தது. காமிராவை நெடுக்காகப் பிடித்து, தலையும் தோளுமாக 2 அடி உயரம் அடங்க, 50க்கு நாலேகால் அடி தள்ளி நிற்கலாம். 35க்கு 3 அடி. 24க்கு 2 அடி. அவ்வளவு கிட்டே போனால் மூக்கு பெருத்து, காது சுருங்கி, கண்ணாடிக் குண்டில் பார்த்த முகம்போல் விழும். பாட்டி முகத்தை அப்படிப் பார்க்க யாருக்கும் பிடிக்காது.

எனவே என் முடிவு இது: வீட்டுக்குள் குடும்பமாக எடுப்பவருக்கு முதலில் 35 அல்லது 24; முகங்களை மட்டும் எடுப்பவருக்கும், முற்றமோ கடற்கரையோ பக்கத்தில் உள்ளவருக்கும் 50.

வாங்கும்போது கவனம்

நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு 2009இல் வந்த 35 மி.மீ. எஃப் 1.8 'டி.எக்ஸ்.' லென்ஸ் பொருத்தமானது; எடை 200 கிராம்தான். டி 3500, டி 5600 போன்ற காமிராக்களுக்குள் லென்ஸைத் திருப்பும் மோட்டார் கிடையாது. ஆகவே 'ஏ.எஃப்.-எஸ்.' என்று எழுதிய லென்ஸாகப் பார்த்து வாங்குங்கள். பழைய 50 மி.மீ. 'டி' வகை லென்ஸை மலிவு என்று வாங்கி மாட்டினால் கையால்தான் திருப்பிக் குவியம் வைக்க வேண்டும்.

கானன் 1500டி போன்றவை வைத்திருப்பவர்களுக்கு 2014இல் வந்த 24 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ் உண்டு. 125 கிராம் எடை; தடிமன் 2.3 சென்டிமீட்டர்கூட இல்லை. எஃப் 1.8 அளவுக்குத் திறக்காவிட்டாலும் கூடத்துக்குள் குடும்பம் அடங்கும். முகங்களுக்கு 2015இல் வந்த 50 மி.மீ. எஃப் 1.8 'எஸ்.டி.எம்.' போதும். 'ஆர்.எஃப்.' என்று எழுதிய லென்ஸ், கண்ணாடியில்லாத புதுவகைக் காமிராவுக்கு மட்டுமே பொருந்தும், 1500டியில் மாட்டாது.

பழைய லென்ஸ் வாங்கினால் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல்போல் தெரிந்தால் அது பூசணம், வேண்டாம். ஆண்டில் பாதிக்கு மேல் மழையில் நனையும் இத்தீவுகளில் புது லென்ஸுக்கும் இந்த ஆபத்து உண்டு. தோல் பையில் பூட்டி வைக்காமல், காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள்.

பணம் கொடுக்கும் முன் செலவில்லாத ஒரு பரீட்சை உண்டு. உங்கள் 18-55 லென்ஸின் வளையத்தை 35இல் வைத்து, நகராதபடி ஒட்டுநாடா ஒட்டுங்கள். ஒரு வாரம் வீட்டில் அப்படியே எடுங்கள். அடுத்த வாரம் 50. அதற்கடுத்த வாரம் 24. எந்த வாரம் முதுகில் சுவர் இடிக்கவில்லையோ அதுவே உங்கள் லென்ஸ்.

எடுக்கும்போது

எஃப் 1.8 இருக்கிறதே என்று எப்போதும் முழுவதும் திறக்கக் கூடாது. 50 மி.மீ. லென்ஸில் 10 அடி தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 அங்குலம்தான். முன்வரிசையில் பாட்டி தெளிவாக இருப்பார். பின்வரிசையில் மருமகன் மங்கிப்போவார். வீட்டில் அதனால் வரும் சங்கடத்தைச் சொல்ல வேண்டியதில்லை! இரண்டு வரிசை என்றால் எஃப் 5.6 வையுங்கள், ஆழம் இரண்டரை அடிக்குக் கூடும். அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆகையால் குழுப்படத்தைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். நமக்கு விடிவதும் சீக்கிரம்தானே! ஆறு மணிக்கு வாசல் திண்ணையில் கிடைக்கும் இதமான ஒளி எந்த ஸ்டூடியோவிலும் கிடைக்காது.

மெரினா பார்க்குக்குப் போனால் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் கடலைப் பின்னால் வைத்து எடுத்தால் முகங்கள் கறுத்துவிடும். குடும்பத்தைக் கடலைப் பார்க்க நிறுத்துங்கள். அங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை, 50 மி.மீ. லென்ஸுக்கு வேண்டிய 20 அடி தாராளமாகக் கிடைக்கும்.

24இல் எடுக்கும்போது காமிராவை மார்பு உயரத்தில் சாயாமல் பிடியுங்கள். ஓரத்தில் நிற்பவர் உடல் இழுபட்டுத் தெரியும். ஆகவே இரு ஓரத்திலும் இடம் விடுங்கள். குழந்தையையும் முதியவரையும் நடுவில் வையுங்கள்.

இரண்டு பிரதி

எடுத்த படத்தைக் காமிராவிலேயே விட்டுவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இத்தீவுகளில் வீடிழந்தவர்களுக்குச் சுவரில் மாட்டிய படங்களும் சேர்ந்தே போயின. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் ரப்பர் தோட்ட வேலைக்காகக் குடியேறிய கச்சால் தீவு, மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. ஆகவே இரண்டு பிரதி அச்சிடுங்கள். ஒன்று இங்கே, ஒன்று ஊரில்.

அம்மாவோ மாமனாரோ இந்த முறை கப்பலில் வந்து இறங்கினால், புறப்படும் நாளுக்காகக் காத்திருக்காதீர்கள். மறுநாள் காலையில் காப்பி கொடுத்த கையோடு வாசலில் உட்காரவைத்து எடுத்துவிடுங்கள். லென்ஸ் வாங்கியிருக்காவிட்டாலும் பரவாயில்லை. காலை வெளிச்சத்தில் பழைய 18-55 போதும்.