ஏசியை அணைச்சாச்சு, இனி ஜாஸ்!

மெதுவாகப் படியேறுங்கள். மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில், ஆகஸ்ட் மாத வெக்கையில், ஒரு ஜாஸ் கிதார் கலைஞரின் வீட்டுக்குள் நுழையப்போகிறோம்! கச்சேரி என்றால் டிக்கெட் வாங்கி, கேட்டு, கைதட்டிவிட்டு வந்துவிடலாம். இன்றைக்குக் கிடைத்திருப்பது அதைவிடப் பெரிய விருந்து. அவர் சாதகம் செய்வதைக் காலை முதல் இரவு வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கலாம். இரண்டே நிபந்தனைகள் போட்டார்: பெயரை எழுதக்கூடாது, வாசிக்கும்போது "ஆஹா" சொல்லக்கூடாது. முதலாவது சுலபம். இரண்டாவதைக் காப்பாற்ற வாயைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

அறையைப் பாருங்களேன்! ஆம்ப்ளிஃபயர் மேல் ஈரத்துண்டு காய்கிறது. கட்டிலுக்கு அடியில் கிதார் பெட்டிகள், அவற்றுக்கு நடுவே அயர்ன் பாக்ஸ். ஒரு காப்பி டப்பா நிறையக் கழற்றிப்போட்ட பழைய கம்பிகள், பிழிந்துவைத்த இடியாப்பம்போலச் சுருண்டு கிடக்கின்றன. சுவர் முழுக்க மஞ்சள் ஒட்டுத்தாள்கள். "மூச்சு விடு." "இன்னும் மெதுவா." "நிறுத்தினா என்ன?" எல்லாம் அவர் தனக்கே எழுதிக்கொண்டவை.

அலமாரியில் அட்டை கழன்ற ‘தி ரியல் புக்’. ஜாஸ் படிக்கிறவர்கள் வீட்டில் கட்டாயம் இருக்கும் பாட்டுத் தொகுப்பு. 1970களில் பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரி வட்டாரத்தில் காப்புரிமை அனுமதி எதுவும் வாங்காமல் தொகுத்து, நகலெடுத்து, கைமாற்றி விற்ற புத்தகம் இது. சட்டப்படியான பதிப்பு வந்தது 2004-ல்தான். இவரிடம் இருப்பது பழைய பிரதி. ‘ஆல் தி திங்ஸ் யூ ஆர்’ பக்கத்தில் மட்டும் காப்பிக் கறை வட்டம் வட்டமாக. ஜெரோம் கெர்ன் 1939-ல் இசையமைத்த பாட்டு. இந்த மாதம் முழுக்க இவருக்கு அந்த ஒரு பாட்டுதான்.

ஒரு மாதத்துக்கு ஒரே பாட்டா! கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பத்துப் பாட்டு பாதி பாதி தெரிஞ்சா மேடையில பத்து இடத்துல மாட்டிக்குவேன்" என்று சிரிக்கிறார்.

கிதார் வெளியே வருகிறது. கிப்சன் இஎஸ்-175, 1949-ல் அறிமுகமான மாடல். உள்ளே கூடான, தடித்த மரவயிறு. அதன் இரண்டு துளைகளிலும் எட்டிப் பார்த்தால், ஆளுக்கொரு சாக்ஸ் திணித்திருக்கிறது! ஒன்று நீலம், ஒன்று சாம்பல். உள்ளே கூடு என்பதால் ஒலியைக் கூட்டினால் இந்தக் கிதார்கள் ஊளையிடும், அதை அடக்கத்தான் சாக்ஸ். "இதோட ஜோடிகளை என் மனைவி இன்னும் தேடிக்கிட்டிருக்கா, சொல்லிடாதீங்க" என்றார் கிசுகிசுப்பாக.

மணி எட்டு. முதல் காரியமாக ஏசியை அணைத்தார். ஜன்னலையும் சாத்தினார். எதற்கு இந்தத் தண்டனை? "ஏசி ஒரு சுருதியில ஓடுது. என் காது போய் அதுல ஒட்டிக்குது." ஐந்து நிமிடத்தில் அவர் பனியன் நனைந்துவிட்டது. என் நோட்டுப் புத்தகமும்தான்.

சமையலறை டைமரை இருபது நிமிடத்துக்குத் திருகுகிறார். இப்போது கிதார் பாயும் என்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தால், அவர் அதைத் தாங்கியில் சாய்த்துவைத்துவிட்டுப் பாட ஆரம்பிக்கிறார்! குரல் கரகரப்பு, ஆனால் சுரம் ஒவ்வொன்றும் இடத்தில் நிற்கிறது. முதலில் பாட்டின் மெட்டு. அடுத்து ஒவ்வொரு கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் சுரக்கொத்தின், அடிச்சுரம் மட்டும். அடுத்து அதே கார்டுகளின் மூன்றாவது சுரம் மட்டும். பாடிக்கொண்டே காப்பிக் கோப்பையைக் கழுவுகிறார், துண்டை மடிக்கிறார், மறுபடி பிரித்து முகம் துடைக்கிறார். மனத்தில் கேட்காத சுரம் விரலில் வந்தால் அது விரலின் பழக்கம்தான், இசை இல்லை என்பது அவர் கட்சி.

இப்படிப் பாடிப் பழகுவது புதிதல்ல. பியானோ மேதை லெனி ட்ரிஸ்டானோ நியூயார்க்கில் பாடம் நடத்தியபோது, சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் சோலோக்களை (தனி வாசிப்புகளை) மாணவர்கள் முதலில் வாயால் பாடிக்காட்ட வேண்டும். அப்புறம்தான் வாத்தியம். வாய்ப்பாட்டிலிருந்தே வாத்தியத்துக்குப் போகும் நம்மவர்களுக்கு இது சொந்த வீட்டுச் சமாசாரமாயிற்றே என்று நான் பூரித்துக்கொண்டிருக்கும்போதே, அலமாரியிலிருந்து ஒரு டிவிடியை எடுத்து நீட்டினார். கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லினும் கஞ்சிரா கலைஞர் செல்வகணேஷும் சேர்ந்து கொன்னக்கோல் கற்றுத்தருகிற டிவிடி! மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். ஜாகிர் உசேன், எல். சங்கர், செல்வகணேஷின் தந்தை விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்தவர். குயின்ஸ் பகுதியின் ஒரு மூன்றாம் மாடியில் ஒருவர் பாத்திரம் கழுவிக்கொண்டே "தகதிமி தகஜுணு" சொல்வதைக் கேட்க நேர்ந்த என் அதிர்ஷ்டத்தை என்னவென்று சொல்ல!

டைமர் அலறுகிறது. கிதார் மடிக்கு வருகிறது, அப்பாடா.

இப்போது சார்லி கிறிஸ்டியனின் ஒரு சோலோவிலிருந்து ஒரு துணுக்கு. பென்னி குட்மேன் குழுவில் மின்கிதாரைச் சோலோ வாத்தியமாக நிமிர்ந்து நிற்கவைத்து, 1942-ல் இருபத்தைந்தே வயதில் இறந்துபோனவர் அவர். மொத்தம் இரண்டு பார் (தாளச் சுற்று), சில நொடிகள். ஃபோனில் அதை ஓடவிடுகிறார். நிறுத்துகிறார். பாடுகிறார். மறுபடி ஓடவிடுகிறார். கம்பியில் தேடுகிறார். கிடைத்ததும் முகம் மலர்கிறது, உடனே சுருங்குகிறது: "சுரம் சரி, நடை வரலை." மெட்ரோனோமை வேண்டுமென்றே மெதுவாக வைத்து, அதன் ‘டிக்’ ஒவ்வொன்றையும் தாளத்தின் இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையாக எடுத்துக்கொள்கிறார். ஒன்றும் மூன்றும் அவர் உடம்புக்குள்தான் விழவேண்டும். முதலில் எனக்குத் தலைகீழாகக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என் பாதம் தானாக ஆட ஆரம்பித்துவிட்டது, பாருங்கள்! துணுக்கு கைக்குள் வந்த பிறகு அதையே வேறு சுருதியில், இன்னொரு சுருதியில், பன்னிரண்டையும் சுற்றி வந்தார். ஏழாவது சுருதியில் விரல்கள் முட்டிக்கொண்டன. கிதாரைத் திட்டினார். அப்புறம் தடவிக்கொடுத்தார்.

இப்படித் துணுக்குகளைத் திருடிச் சேர்ப்பது இந்தப் பரம்பரையின் பழக்கம். இண்டியானாபொலிஸ் நகரத்து வெஸ் மாண்ட்கோமரி கிதாரில் இறங்கியதே சார்லி கிறிஸ்டியன் ரெக்கார்டுகளைக் கேட்டுத்தான். அந்தச் சோலோக்களை அட்சரம் பிசகாமல் உருப்போட்டார். அவற்றை வாசித்துக்காட்டத்தான் ஒரு கிளப்பில் அவருக்கு முதல் வேலை கிடைத்தது. அவை தீர்ந்ததும் வாசிக்க வேறெதுவும் தெரியாமல் இருந்த அந்த இளைஞர்தான் பிற்காலத்தில் உலகமே வியந்த மாண்ட்கோமரி ஆனார். பகலில் ஆலை வேலை, இரவில் வாசிப்பு. பக்கத்து வீட்டார் தூக்கம் கெடாமலிருக்கக் கம்பி மீட்டும் வில்லையான பிக்கை விட்டுக் கட்டைவிரலால் வாசிக்கத் தொடங்கினார் என்பார்கள். அந்தக் கட்டைவிரல் ஒலிதான் அவர் முத்திரை!

"டங்! டங்! டங்!" சுவரோரக் குழாயில் யாரோ தட்டுகிறார்கள். கீழ்வீட்டுப் பாட்டி. இவர் சட்டென்று பிக்கைக் கீழே போட்டுவிட்டுக் கட்டைவிரலுக்கு மாறுகிறார். குழாய் அடங்குகிறது. பிற்பாடு படிக்கட்டில் எதிர்ப்பட்ட அதே பாட்டி, "அந்தக் கஷ்டமான இடம் நேத்தைவிட இன்னைக்குப் பரவாயில்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்! மாதக்கணக்கில் சாதகத்தைக் கூடவே கேட்டுவந்த ஒரே ரசிகை அவர்தானே.

மதியம் மாணவி வருகிறாள். கல்லூரிப் பெண், முதுகில் பெரிய பை, கையில் பெரிய ஐஸ் காப்பி. அவள் விரல்கள் பறக்கின்றன. ஸ்கேல்கள் மேலும் கீழும் ஓடுகின்றன. ஒரு சுற்று முடிந்ததும் ஆசிரியர் கேட்ட கேள்வி: "எங்க மூச்சு விட்ட?" அவளுக்குப் புரியவில்லை. ஊதுகிறவர்கள் மூச்சுக்காக நிறுத்தியே ஆகவேண்டும். கிதாருக்கு அந்தக் கட்டாயம் இல்லாததால் வாக்கியம் முடியாமலே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இன்றைய விதி: இரண்டு பார் வாசி, இரண்டு பார் சும்மா இரு.

அந்தச் சும்மா இருத்தல் எவ்வளவு கஷ்டம் என்கிறீர்கள்! அவள் வலது கை தானாகக் கம்பிக்குப் போகிறது, இவர் "ம்ஹூம்" என்கிறார். இருவரும் சிரிக்கிறார்கள். மறுபடி. கை போகிறது. "ம்ஹூம்." கடைசியில் கையைத் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். பிறகு இன்னொரு விதி. ஒரே கம்பிதான், மற்ற ஐந்தும் இல்லையென்று நினைத்துக்கொள். பாஸ்டனில் பல தலைமுறைக் கிதார்காரர்களை உருவாக்கிய மிக் குட்ரிக், 1987-ல் வந்த தன் ‘தி அட்வான்சிங் கிதாரிஸ்ட்’ நூலில் ஆரம்பத்திலேயே இறக்கிவிடும் இடம் இதுதான். பழகிய வடிவங்கள் எதுவும் உதவாது. அடுத்த சுரம் எங்கே இருக்கிறதென்று காதால் தேடித்தான் நகரவேண்டும். என்னைக் கேட்டால் இந்த நாளின் மிக ருசியான நேரம் இதுதான். விரைவெல்லாம் உதிர்ந்து, அந்தப் பெண் முதன்முதலாக ஒரு மெட்டு வாசித்தாள்! விதியை மீறி "ஆஹா" சொல்லிவிடுவேனோ என்று எனக்கு வியர்த்தது.

போவதற்கு முன் அவளுக்கு ஒரு சின்ன வீட்டுப்பாடம். ஜி7 கார்டிலிருந்து சி கார்டுக்குப் போகும்போது, ஜி7-இல் இருக்கும் எஃப் அரைப்படி இறங்கி ஈ ஆகிறது. அந்த ஒரு இறக்கத்தைப் பாட்டு முழுக்க, கார்டு மாறும் ஒவ்வொரு இடத்திலும் தேடிக் கண்டுபிடித்துப் பாடிக்கொண்டு வரவேண்டும். "பஸ்ஸிலயே செஞ்சுடலாம்" என்றாள். அதைத்தான் அவரும் விரும்பினார்.

சாப்பாடு முடிந்ததும் பதிவு. பாட்டின் ஒரு சுற்று, ஒரே டேக், தினமும். சொதப்பினாலும் திரும்ப வாசிப்பதில்லை. இன்று வாசித்ததை இன்று கேட்பதும் இல்லை. நேற்றையதைத்தான் இன்று கேட்கிறார். "உடனே கேட்டா கை வலிதான் ஞாபகம் வரும். ஒரு நாள் தள்ளினா வேற யாரோ வாசிச்சதாட்டம் கேக்கலாம்." நேற்றைய பதிவு ஓடுகிறது. கண்ணை மூடிக் கேட்கிறார். ஓரிடத்தில் "ஐயோ", ஓரிடத்தில் "அட, இது யாரு?" என்று தன்னையே மெச்சிக்கொள்கிறார். வீட்டில் பதிந்துவைப்பதில் இவருக்கு ஒரு முன்னோடி உண்டு. இதே குயின்ஸின் கொரோனா பகுதியில்தான் ட்ரம்பெட் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங் 1943 முதல் சாகும்வரை வாழ்ந்தார். அந்த வீடு இப்போது அருங்காட்சியகம். உலகப் புகழ் வந்த பிறகும் வீட்டில் நூற்றுக்கணக்கான டேப்புகளில் பேச்சும் பாட்டுமாகப் பதிந்துவைத்தார். தன் ரெக்கார்டுகளையே ஓடவிட்டு அவற்றோடு சேர்ந்து ட்ரம்பெட் ஊதியதும் அவற்றில் இருக்கிறது.

மாலையில் கிதாருக்கு ஓய்வு. அவர் ஒரு குட்டித் தூக்கம் போடுகிறார், நான் ஏசியைப் போட்டுக்கொள்கிறேன்.

இரவு மன்ஹாட்டன்! மேற்கு 10ஆம் தெருவில் படியிறங்கினால் ஸ்மால்ஸ், 1994-ல் தொடங்கிய நிலவறைக் கிளப். ஜாஸ் கோயில்களின் பின்கட்டு எப்படியிருக்கும் என்று கற்பனை செய்து ஏமாறாதீர்கள். கொஞ்ச தூரத்தில் இருக்கும் புகழ்பெற்ற வில்லேஜ் வான்கார்டிலேயே கலைஞர்கள் இடைவேளையில் உட்காரும் அறை, பழைய சமையலறைதான்! இங்கே ஸ்மால்ஸில், வந்தவர்கள் முறைவைத்து மேடையேறிச் சேர்ந்து வாசிக்கும் ஜாம் நேரத்தில் சுவரோரமெல்லாம் வாத்தியப் பெட்டிகள், அவற்றின் மேல் காத்திருக்கும் பையன்கள். கிதார்காரர்கள் மட்டும் ஏகப்பட்ட பேர், மேடையில் ஆம்ப்ளிஃபயர் ஒன்று. "கிதார்காரன் வாசிப்பை எப்படி நிறுத்துவது? முன்னால நோட்ஸ் தாளை வை" என்று ஒரு ட்ரம்ஸ்காரர் பழைய ஜோக்கை அவிழ்த்துவிட, கிதார்காரர்களே அதிகமாகச் சிரித்தார்கள். நம்மவர் சிரித்துக்கொண்டே மூலையில் திரும்பி நின்று ஏதோ முணுமுணுக்கிறார். அடிச்சுரங்களைத்தான்!

அவர் முறை. சாக்ஸஃபோன் பெண்மணி வாசிக்கச் சொன்ன பாட்டு எது தெரியுமா? ‘ஆல் தி திங்ஸ் யூ ஆர்’! வீட்டில் பழகியதைவிட வெகு வேகம். முதல் சுற்றில் நம்மவர் நான்கு சுரம் வாசித்தார், நிறுத்தினார். காலையில் திருடிய துணுக்கு வேறு வேஷத்தில் வந்துபோனது, கண்டுபிடித்துவிட்டேன்! இரண்டாவது சுற்றில், 36 பார் கொண்ட அந்தப் பாட்டின் நடுவே ஜி சுருதியிலிருந்து ஈ சுருதிக்குத் தாவும் இடத்தில், ஒரு கார்டு தாமதமாகக் கால்வைத்தார். ட்ரம்ஸ்காரர் புருவத்தைத் தூக்கிப் பல்லைக் காட்டினார். கூட்டம் எதையும் கவனிக்காமல் பலமாகக் கைதட்டியது.

சட்டை முதுகோடு ஒட்டியிருக்க, அவரும் நானும் சுரங்க ரயில் நடைமேடையில். நோட்டை எடுத்தார், நாளைய பக்கத்தில் எழுதினார்: "21 முதல் 24வது பார் வரை. கிதார் இல்லாமல்." எழுதியதோடு விடுவாரா? இப்போதே ஆரம்பித்துவிட்டார். "எஃப் ஷார்ப்... பி... ஈ..." "நீங்க ரெண்டுலயும் நாலுலயும் கைதட்டுங்க" என்று எனக்கு உத்தரவு. தட்டினேன்! ரயில் வந்து கதவும் திறந்துவிட்டது, நான்காவது பார் முடியாமல் ஏறமாட்டேன் என்கிறார். ‘சி’யைப் பிடித்துப் பாடி முடித்தார். கதவு மூடுவதற்குள் கிதார் பெட்டியோடு இருவரும் உள்ளே பாய்ந்தோம்.