பேசக் கற்கும் காவலர்

சாலையில் போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி அபராதம் விதிக்கிறார். கட்டிய தொகை சில நாளில் மறந்துவிடும்; அவர் பேசிய விதம் மறப்பதில்லை. அமெரிக்க உளவியலாளர் டாம் டைலர் 1984-ல் சிகாகோவாசிகள் 1,575 பேரிடம் போலீஸ், நீதிமன்ற அனுபவங்களைக் கேட்டறிந்தார். 1990-ல் வெளிவந்த அவரது நூல், முடிவு தமக்குச் சாதகமா என்பதைவிட நடத்தப்பட்ட விதம் நியாயமா என்பதையே மக்கள் பெரிதாக எடைபோடுகிறார்கள் என்று காட்டியது. தன் தரப்பைச் சொல்ல இடம் வேண்டும், பாரபட்சம் கூடாது, மரியாதை குறையக் கூடாது, அதிகாரியின் நோக்கம் நல்லதென்று நம்பிக்கை வர வேண்டும். ஆய்வாளர்கள் இதை நடைமுறை நீதி என்கிறார்கள்.

இதைப் புதிதாகச் சேரும் காவலருக்கு எப்படிக் கற்றுத் தருவது? வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் அருகிலுள்ள பியூரியன் நகரில், போலீஸ் பயிற்சி மையம் இருக்கிறது. கிங் கவுண்டியின் ஷெரீப்பாக இருந்த சூ ரார் 2012-ல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். அதுவரை பயிற்றுநர் எதிரே வந்தால் பயிற்சிக் காவலர்கள் விறைத்து நிற்க வேண்டும். ரார் அதை மாற்றி, அவர்களே முகம் பார்த்துப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்றார். சின்ன மாற்றம்தான், ஆனால் வேரைத் தொட்டது. வாய் திறக்காமல் நிற்க மட்டுமே பழகியவரைத் தெருவில் கொண்டுபோய் விட்டு, அழும் பெண்ணிடமும் கோபத்தில் கத்தும் இளைஞரிடமும் பக்குவமாகப் பேசு என்றால் எப்படி வரும்? காது கொடுத்துக் கேள், காரணத்தை விளக்கு, எல்லோரையும் சமமாகவும் கண்ணியமாகவும் நடத்து என்பது அங்கே அடிப்படைப் பாடமானது.

சிகாகோவிலும் பயிற்சிக் காவலர்களுக்கு இப்படி ஒரு பாடத்திட்டம் தரப்பட்டது. விரிவுரையைக் குறைத்து, நிஜச் சம்பவம்போல நடித்துப் பழகுவதை அது முதன்மையாக்கியது. 2017-ல் வெளியான அதன் மதிப்பீடு ஊன்றிப் படிக்க வேண்டியது. நடித்துக் காட்டிய காட்சிகளில் அவர்கள் இந்தப் பாடத்தைப் பெறாதவர்களைவிட மரியாதையாகவும் ஆறுதலாகவும் நடந்துகொண்டார்கள். நடைமுறை நீதி குறித்த கருத்தோ அப்படியே இருந்தது. கருத்து மாறிய பிறகுதான் நடத்தை மாறும் என்று காத்திருக்க வேண்டியதில்லை என்றே இதிலிருந்து தோன்றுகிறது.

பயிற்சிப் பள்ளியோடு இது முடிவதில்லை. அடுத்து, அனுபவமுள்ள அதிகாரியுடன் சில மாதங்கள் களப்பயிற்சி. வகுப்பில் படித்ததை மறந்துவிடு என்று அந்த மூத்தவர் சொன்னால், கற்றதெல்லாம் வீணாகும். ஆகவே களப்பயிற்சி தருபவருக்கும் இதே பாடம் தேவைப்படுகிறது.