உறைந்த மூளையும் தக்காளி விதையும்

ஒரு தக்காளியை ஃப்ரீசரில் போட்டு, மறுநாள் வெளியே எடுத்து வையுங்கள். சதை தொளதொளவென்று ஆகி நீராய் வடியும். உள்ளே விதைகள்? முழுசாக அப்படியே இருக்கும்!

மூளையை உறைய வைத்தாலும் இதே கதைதான். பனித்துகள்கள் செல்லின் சவ்வைக் கிழித்துவிடும். நடுவில் இருக்கும் உட்கரு பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். நம் ஜீன்கள் இருப்பதோ அங்கேதான்!

'செல்லையே முழுசாக எடுக்கக் கூடாதா?' என்பீர்கள். ரத்தம் என்றால் ஊசி குத்தி எடுத்துவிடலாம். மூளை பெரும்பாலும் இறந்தவர்கள் தானமாகத் தந்து, உறைய வைத்துக் காத்தது. போதாக்குறைக்கு, நரம்பு செல்களின் நீண்ட இழைகள் சிக்குப் பிடித்த நூல்கண்டு மாதிரி. பிரிக்கப் போனால் அறுந்துவிடும். அதனால்தான் உட்கருவை மட்டும் பிரிக்கிறார்கள்.

துளியூண்டு மூளைத் துண்டை ஐஸில் வைத்த கண்ணாடிக் குழாயில் போட்டு, கண்ணாடிக் குழவியால் மெதுவாக நசுக்குவார்கள். சவ்வைக் கரைக்க சோப்பு போன்ற மருந்து கொஞ்சமே கொஞ்சம். அளவோ நேரமோ கூடினால் உட்கருவும் உடைந்துபோகும். சூடு பட்டாலோ, ஜீன்களின் கட்டளையைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். வடிகட்டியதைக் கெட்டியான சர்க்கரைக் கரைசலோடு (ஆமாம், காபியில் போடும் அதே சர்க்கரைதான்!) வேகமாகச் சுழற்றினால் கொழுப்பு மேலே நிற்கும், கனமான உட்கருக்கள் அடியில் இறங்கும்.

இவ்வளவு பாடு எதற்கு? சிகாகோவில் ரஷ் பல்கலைக்கழகம் 1994-ல் ஓர் ஆய்வைத் தொடங்கியது. வயதான கன்னியாஸ்திரீகளும் பாதிரியார்களும் ஆண்டுதோறும் ஞாபகசக்தி பரிசோதனைக்கு வந்தார்கள். இறந்தபின் மூளையைத் தரவும் சம்மதித்தார்கள். இந்த ஆய்விலும் இதன் துணை ஆய்விலும் சேர்ந்த மூளைகளில் 48 பேருடையதை எடுத்து, 80,660 உட்கருக்களைத் தனித்தனியே படித்தார்கள், எம்.ஐ.டி. விஞ்ஞானிகள். 2019-ல் முடிவு வெளியானது. பாதிப்பேர் மூளையில் அல்சைமர் அடையாளங்கள் இருந்தன. அவர்களுடைய நரம்பு செல்களில், மாறியிருந்த ஜீன்களில் பெரும்பாலானவை அடங்கிக் கிடந்தன. பக்கத்துத் துணை செல்களிலோ பாதிக்கு மேல் கூடுதலாக வேலை செய்தன! மொத்தமாக அரைத்துப் பார்த்திருந்தால், கூட்டலும் கழித்தலும் சேர்ந்து இது மறைந்தே போயிருக்கும்.

மறதி நோய்க்கு மருந்து இதிலிருந்து உடனே வந்துவிடாது. எந்த வகை செல்லைக் குறிவைப்பது என்பது இப்போது தெரிய ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு குறையும் உண்டு: உட்கருவுக்கு வெளியே, இழைகளில் இருந்த ஆர்.என்.ஏ. பெரும்பாலும் கழுவலிலேயே போய்விடுகிறது.