சின்னப் படம் போதும் என்று சொல்லிக் கொடுங்கள்

தில்லி கன்னாட் பிளேசுக்கு மேற்கே, சாலைகள் கூடுகிற வட்டத்தின் நடுவில் நிற்கிறது கோல் மார்க்கெட். 1921இல் எழுந்த சந்தை. பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட கட்டடம். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய அரசு ஊழியர் குடும்பங்களுக்கு இந்த வட்டாரம் அத்துப்படி. கடைகளைக் காலிசெய்து, பெண்களின் சாதனைகளைச் சொல்லும் அருங்காட்சியகமாக இதை மாற்றும் வேலையைப் புது தில்லி நகராட்சிக் குழு கையில் எடுத்தது. அதனால் கடைப் பலகைகளோடு இருந்த சந்தையின் பழைய படங்களுக்குத் தனி மதிப்பு வந்துவிட்டது.

அந்தப் படங்களைத் தேடித் தரும்படி, நமக்காகத் தானே வேலை செய்யும் ஓர் ஏஐ ஏஜென்ட்டிடம் சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது விக்கிமீடியா காமன்ஸ் போன்ற பொதுக் களஞ்சியத்துக்குப் போய் 20 கோப்புகளின் பெயர்களோடு வருகிறது. எது பழைய முகப்பு, எது வெறும் போக்குவரத்து நெரிசல் என்று பெயரைப் பார்த்துச் சொல்ல முடியாது. படத்தைத்தான் பார்க்க வேண்டும். இப்போதைய கைப்பேசிப் படம் ஒன்று 4000க்கு 3000, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். 200க்கு 150 என்ற சின்னப் படத்தில், அதாவது தம்ப்நெயிலில், இருப்பதோ 30 ஆயிரம். இருபது தம்ப்நெயில்களையும் சேர்த்தாலும் ஒரே ஒரு முழுப் படத்தின் இருபதில் ஒரு பங்குதான்.

ஏஜென்ட்டுக்கு இது காசு விஷயமும் கூட. கிளாட் என்ற ஏஐ மாடலுக்கு ஆந்த்ரோபிக் நிறுவனம் தந்த தோராயக் கணக்கின்படி, படத்தின் அகலத்தை உயரத்தால் பெருக்கி 750ஆல் வகுத்தால் செலவாகும் டோக்கன் (மாடல் கட்டணம் கணக்கிடும் அலகு) எண்ணிக்கை கிடைக்கும். 200க்கு 150 என்றால் 40 டோக்கன். 1000க்கு 1000 என்றால் ஏறத்தாழ 1,330.

இவ்வளவு மலிவாகச் சின்னப் படம் கிடைப்பதற்குப் பின்னால் நம்மூர்க்காரர்களின் கணிதம் இருக்கிறது. ஜேபெக் கோப்பு, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் 64 எண்களாக மாற்றுகிறது. முதல் எண் அந்தக் கட்டத்தின் சராசரி வெளிச்சம், மற்றவை நுணுக்கங்கள். முதல் எண்ணை மட்டும் எடுத்து அடுக்கினால் போதும், 4000க்கு 3000 படம் 500க்கு 375ஆக வந்து நிற்கும். மீதிக் கணக்கைப் போடவே வேண்டாம். டிஸ்க்ரீட் கோசைன் டிரான்ஸ்ஃபார்ம் எனப்படும் இந்த முறையைச் சிந்தித்தவர் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது. 1972இல் ஆய்வுக்கு நிதி கேட்டார், கிடைக்கவில்லை. யோசனை ரொம்ப எளிமையாக இருக்கிறதே என்பது மதிப்பிட்டவர்களில் ஒருவரின் குறை! நடராஜன், கே.ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து 1974 ஜனவரியில் அவர் வெளியிட்ட கட்டுரைதான் இன்று உலகின் பெரும்பாலான புகைப்படங்களுக்கு அடிப்படை. ராவ் 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர்.

கணிதம் தயார். ஆனால் சின்னப் படம் கேட்க வேண்டும் என்று ஏஜென்ட்டுக்கு யார் சொல்வது? 2024 நவம்பரில் வெளிவந்த மாடல் கான்டெக்ஸ்ட் புரொட்டகால் என்ற பொது நெறிப்படி, படம் எடுத்துத் தருவது போன்ற ஒரு கருவியைப் பற்றி ஏஜென்ட்டுக்குத் தெரிவது முக்கியமாக மூன்று: பெயர், விளக்கக் குறிப்பு, என்னென்ன தகவல் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல். மனிதர் என்றால் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்பார். ஏஜென்ட்டுக்கு அந்தக் குறிப்புதான் எல்லாம். ‘படத்தைத் தரும்’ என்று இரண்டு சொல்லில் எழுதி முடித்தால், அது முழுப் படத்தையே கேட்டு வாங்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: ‘தேடலில் கிடைத்த கோப்புப் பெயரைக் கொடு. அகலம் 250 புள்ளி. எந்தக் கட்டடம், எந்தப் பக்கம் என்று பிரித்தறிய மட்டும் இதைப் பயன்படுத்து. பலகை எழுத்தைப் படிக்க வேண்டுமானால் 1280 கேள். கோப்பு இல்லையென்றால் இல்லை என்று சொல், ஊகிக்காதே.’

கடைசி இரண்டு வாக்கியங்களைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில் அவையே உயிர். தம்ப்நெயிலில் கோல் மார்க்கெட்டும் கன்னாட் பிளேசின் வளைந்த தாழ்வாரமும் 1927இல் திறக்கப்பட்ட பழைய நாடாளுமன்றமும் ஒரே சாயலில் தெரியும். படிக்க முடியாத பலகையைப் படித்துவிட்டதாகச் சொல்லும் துணிச்சல் இந்த மாடல்களுக்கு உண்டு.

250 என்ற எண்ணுக்கும் காரணம் இருக்கிறது. பலரும் கேட்கும் அளவுகள் சேமிப்பில் தயாராக இருக்கும்; 237 என்று விசித்திரமாகக் கேட்டால் சர்வர் புதிதாகச் செதுக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து படங்கள் முதலான பல்லூடகக் கோப்புகளைத் தரவிறக்கும் சுமை 50 விழுக்காடு கூடிவிட்டதாக, காமன்ஸை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் சொன்னது. காரணம் மனிதர்கள் அல்ல, தானியங்கி நிரல்கள். பக்கப் பார்வைகளில் அவற்றின் பங்கு அப்போது 35 விழுக்காடுதான். ஆனால் மிகச் செலவு பிடிக்கும் போக்குவரத்தில் 65 விழுக்காடு. நாம் எல்லோரும் பார்க்கும் பக்கங்கள் சேமிப்பில் இருக்கின்றன. நிரல்கள் யாரும் தொடாத மூலைகளையும் துழாவுகின்றன. அந்த அறக்கட்டளை நன்கொடையில் நடக்கிறது. ஆகவே ‘கொஞ்சம் பொறு’ என்று சர்வர் சொன்னால் மறுபடி மறுபடி தட்டக் கூடாது என்பதையும் குறிப்பில் எழுதியாக வேண்டும்.

இன்னொரு வில்லங்கம், கேமரா தன் கோப்புக்குள்ளேயே ஒளித்துவைக்கும் 160க்கு 120 அளவுத் தம்ப்நெயில். படத்தை வெட்டித் திருத்தினாலும் சில மென்பொருள்கள் இதை மாற்றாமல் விட்டுவிடும். 2003இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஒருவர் வெட்டி வெளியிட்ட படங்களின் வெட்டாத வடிவம் இப்படித்தான் அம்பலமானது. கருவி உள்ளிருக்கும் தம்ப்நெயிலை எடுக்கிறதா, புதிதாகச் செய்கிறதா என்பதைக் குறிப்பு சொல்லாவிட்டால் ஏஜென்ட் பார்த்தது எந்தப் படம் என்றே தெரியாது.

கருவி எழுதுவோர் ஒரு பக்கம் இருக்கட்டும். ஏஜென்ட் படத்தைப் பார்க்கும் முன் அதன் விளக்கத்தைத்தான் தேடுகிறது. உங்கள் வீட்டு ஆல்பத்தில் நீங்களே எடுத்த பழைய கோல் மார்க்கெட் படம் இருந்தால், காமன்ஸில் ஏற்றுங்கள். எந்த ஆண்டு, எந்தத் திசையிலிருந்து எடுத்தது என்று தமிழிலேயே ஒரு வரி எழுதுங்கள். தமிழ் விளக்கத்துக்கு அங்கே இடம் இருக்கிறது.